கட்டியைச் சுரண்டிய பின் எலும்புக் குழியை நிரப்பும் முறை

எலும்பில் தோன்றும் புற்றல்லாத கட்டிகளில் பலவற்றுக்கு இன்றும் முதன்மையான அறுவை ஒன்றுதான்: எலும்பின் சுவரில் ஒரு சன்னல் வெட்டி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுப்பது. எடுத்து முடிந்ததும் எலும்புக்குள் ஒரு குழி மிஞ்சுகிறது. அதை எதனால் நிரப்புவது, எவ்வளவு நிரப்புவது, நிரப்பத்தான் வேண்டுமா என்ற கேள்விகளுக்குக் கையுறை மாட்டிய பிறகு விடை தேடுவது நோயாளிக்கு நல்லதல்ல. எலும்பியலில் முதுநிலைப் பயிற்சி பெறுபவர்களையும், இத்தகைய அறுவைகளை ஆண்டுக்கு ஒருசிலவே செய்ய நேரும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து, அந்த முடிவை எந்த வரிசையில் எடுப்பது, எடுத்த முடிவைக் கையால் எப்படி நிறைவேற்றுவது என்பதை இங்கே விளக்குகிறேன். முழங்காலைச் சுற்றி வரும் ஜயண்ட் செல் கட்டியை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 20 முதல் 40 வயதுக்குள் இருப்போருக்கு அதிகமாக வருவது, மூட்டுக் குருத்தெலும்பின் அடிவரை வளர்வது, எடுத்த பின்னும் திரும்பி வருவது ஆகிய மூன்று குணங்களாலும், குழி நிரப்புவதில் உள்ள சிக்கல்கள் பெரும்பாலானவற்றை அந்த ஒரு கட்டியே காட்டிவிடுகிறது. எலும்புக் கட்டிகளில் இதன் பங்கு மேலை நாடுகளைவிடத் தென்னிந்தியாவிலும் சீனாவிலும் கூடுதல் என்பதால், நம் ஊரில் பணிபுரியும் எலும்பியல் மருத்துவர் இதைச் சந்திக்காமல் இருப்பது அரிது.

நிரப்பு பொருள்களைப் பற்றிப் பேசும்முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரைகுறையாகச் சுரண்டிய குழியை எந்தப் பொருளாலும் காப்பாற்ற முடியாது. கருத்தரங்குகளில் நிரப்பு பொருளைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதியாவது, குழியை எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தோம் என்பதைப் பற்றி நடந்திருந்தால் பயன் கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். கட்டி திரும்புவதைத் தடுப்பது சுரண்டல். உடைந்துபோகாமல் எலும்பைத் தாங்குவதும், நாளடைவில் அங்கே எலும்பு வளர இடம் கொடுப்பதும் நிரப்பு பொருளின் வேலை.

முதலில் கட்டியின் பெயர்

எக்ஸ்-ரே, எம்ஆர்ஐ இரண்டையும் பார்த்து, ஊசி வழியாகத் திசு எடுத்துச் சோதித்து, கட்டியின் பெயர் உறுதியான பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். அனியூரிஸ்மல் எலும்பு நீர்க்கட்டி என்று நினைத்துச் சுரண்டியது டெலாஞ்சியெக்டாட்டிக் ஆஸ்டியோசார்கோமாவாக இருந்துவிட்டால், வெட்டிய சன்னல் வழியாகப் புற்று முழுத் தொடையிலும் பரவ நாமே வழி செய்தவர்களாவோம். காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்க நேரிடலாம். ஜயண்ட் செல் கட்டியைப் போலவே தோற்றமளிக்கும் இன்னொன்று, பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதால் எலும்பில் உண்டாகும் பழுப்புக் கட்டி. நுண்ணோக்கியிலும் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் சோதித்தால் விடை கிடைத்துவிடும். சில நூறு ரூபாய்ச் சோதனையைச் செய்யாமல் விட்டு, தேவையில்லாத குழியை வெட்டி, அதை நிரப்பவும் சிரமப்படுவதில் பொருளில்லை. ஐயம் நீடிக்கும்போது, ஜயண்ட் செல் கட்டியில் பெரும்பாலும் காணப்படும் எச்3எஃப்3ஏ மரபணு மாற்றத்தைத் தேடும்படி நோய்க்குறியியல் மருத்துவரிடம் கேட்கலாம்.

பெயர் தெரிந்துவிட்டால் சில குழிகளை வெட்டவே தேவையிருக்காது. குழந்தைகளுக்கு வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்-ரேயில் தற்செயலாகத் தென்படும் நான்-ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்னும் நார்த்திசுக் கட்டி, எலும்பு முறியும் அளவுக்குப் பெரிதாக இல்லாவிட்டால், வளரும் வயதில் தானாகவே ஆறிவிடும். சிறுவர்களின் மேற்கை எலும்பில் வரும் ஒற்றைக் குழி நீர்க்கட்டிக்கு, 1970-களில் இத்தாலியில் ஸ்காலியெட்டி நடைமுறைப்படுத்திய ஸ்டீராய்டு ஊசியை இன்றும் முதலில் முயன்று பார்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை போட வேண்டி வரும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அனியூரிஸ்மல் நீர்க்கட்டியிலும் பாலிடோகனால் என்னும் மருந்தை ஊசி வழியாகச் செலுத்திச் சுருங்க வைக்கும் முறை உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட தங்கள் அனுபவம் அந்த முறை உலகெங்கும் பரவுவதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே ஒற்றைக் குழி நீர்க்கட்டி தொடை எலும்பின் கழுத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே முறிவு ஏற்பட்டால் குழந்தை வாழ்நாள் முழுவதும் நொண்ட நேரிடலாம் என்பதால், ஊசியை நம்பிக் காத்திருக்காமல் சுரண்டி, நிரப்பி, உலோகத்தால் தாங்கவும் வேண்டும்.

நிரப்பத்தான் வேண்டுமா?

விரல் எலும்பில் வரும் என்காண்ட்ரோமா என்னும் குருத்தெலும்புக் கட்டியைச் சுரண்டிய பின் குழியை வெறுமனே விட்டுவிட்டாலும், உள்ளே உறைந்த இரத்தக் கட்டியே மெல்ல மெல்ல எலும்பாக மாறிவிடுகிறது. எலும்பு ஒட்டு (வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு) வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் பின்னாளில் கையின் இயக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரிவதில்லை என்பதைப் பல மருத்துவமனைகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு விரலுக்காக இடுப்பெலும்பில் இன்னொரு காயத்தை உண்டாக்குவது ஏன் என்று கேட்டுக்கொள்வது நியாயம். உடல் எடையைத் தாங்காத எலும்பு, நான்கு பக்கச் சுவரும் உறுதியாக உள்ள சிறு குழி, திரும்பி வரும் குணம் குறைந்த கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் நிரப்பாமல் விடுவதில் தவறில்லை. மாறாக, தொடை எலும்பின் கீழ்முனையிலோ, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவின் மேல்முனையிலோ, குருத்தெலும்பின் அடியில், புறணி (எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்) மெலிந்து கிடக்கும் பெரிய குழியை வெறுமனே விட்டால், நடக்கத் தொடங்கிய சில நாள்களில் மூட்டுப் பரப்பு உள்வாங்கிவிடும்.

முன்கூட்டியே அளவெடுத்தல்

எம்ஆர்ஐ படத்தில் கட்டியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, அவற்றைப் பெருக்கி, வரும் தொகையை 0.52-ஆல் பெருக்கினால் குழியின் கொள்ளளவு ஏறக்குறையக் கிடைத்துவிடும். 5 × 4 × 4 செ.மீ. கட்டிக்கு இது 42 மில்லிலிட்டர் அளவில் வரும். ஓரத்தில் இன்னும் சில மில்லிமீட்டர் தேய்த்து எடுப்போம் என்பதால், எஞ்சும் குழி இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். இடுப்பெலும்பின் முன்பக்க மேல்விளிம்பிலிருந்து பொதுவாக எடுக்க முடிகிற பஞ்செலும்பு (எலும்பின் உள்ளே பஞ்சுபோல் இருக்கும் பகுதி) 20 மில்லிலிட்டருக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும் என்பதை இதனுடன் ஒப்பிட்டால், 'நோயாளியின் எலும்பையே வைத்துவிடலாம்' என்ற திட்டம் காகிதத்திலேயே தோற்றுப்போவது தெரியும். கட்டியை எடுத்த பிறகு உண்மை அளவை அறிய எளிய வழி உண்டு. 20 மி.லி. சிரிஞ்சில் சலைனை எடுத்து, சன்னலின் விளிம்பு வரை குழியை நிரப்பி, எத்தனை சிரிஞ்சு பிடித்தது என்று எண்ணினால் போதும். சலைன் நிற்காமல் எங்கோ வடிந்துகொண்டே இருந்தால், பின்சுவரில் நீங்கள் பார்க்காத ஓட்டை ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்த எச்சரிக்கைக்காகவே இந்தச் சோதனையை எப்போதும் செய்யலாம்.

சன்னலும் சுரண்டலும்

சன்னல் சிறியதாக இருந்தால் எலும்பு வலுவாக இருக்கும் என்று தயங்கிச் சிறு துளையின் வழியே சுரண்டுவது, கட்டி திரும்பி வருவதற்கான மிக நிச்சயமான வழி. கட்டியின் நீண்ட அளவுக்கு ஏறக்குறைய இணையாகச் சன்னல் இருக்க வேண்டும். குழியின் எல்லா மூலைகளும் நேராகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் புறணியை வெட்டிவிட வேண்டும். சன்னலின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைவாக வெட்டினால், முறுக்கு விசை ஒரு மூலையில் குவிந்து எலும்பு விரிசல் விடுவது குறையும். கியூரெட் என்னும் சுரண்டு கரண்டியால் கட்டியை எடுத்ததும், பர் என்னும் அதிவேகமாகச் சுழன்று தேய்க்கும் கருவி கொண்டு சுவரின் மேடுபள்ளங்களைத் தேய்த்து, நலமான எலும்பு தெரியும்வரை எல்லாத் திசையிலும் செல்ல வேண்டும். தேய்க்கும்போது சலைனை ஊற்றிக்கொண்டே இருந்து, இடையிடையே அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கழுவியதும் தலைவிளக்கைக் குழிக்குள் திருப்பிப் பார்த்தால், சுத்தமான பகுதி வெண்மையாக, சின்னஞ்சிறு இரத்தப் புள்ளிகளோடு தெரியும். கட்டி ஒட்டியிருக்கும் இடம் செம்பழுப்பாக, மெத்தென்று இருக்கும்.

அதற்குப் பிறகு ஃபீனால், 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆர்கான் கதிர், திரவ நைட்ரஜன் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துவது பல மையங்களில் வழக்கம். இவற்றில் எது சிறந்தது என்பது இன்னும் தீராத வாதம். பர்ரை முறையாகப் பயன்படுத்துவதற்கு ஈடாக இவற்றில் எதையும் நான் வைக்க மாட்டேன். திரவ நைட்ரஜன் சுற்றியுள்ள எலும்பையும் உறைய வைத்துக் கொல்வதால் பின்னாளில் எலும்பு முறியக்கூடும். தோலும் நரம்பும் சேதமடைந்த நிகழ்வுகளும் உண்டு. பெராக்சைடை மூடிய குழிக்குள் அழுத்திச் செலுத்தினால் ஆக்சிஜன் குமிழ்கள் இரத்தத்தில் கலக்கும் ஆபத்து இருப்பதால், திறந்த குழியில் மெதுவாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும். சுரண்டல் மட்டும் செய்த பழைய நாள்களில் ஜயண்ட் செல் கட்டி கால்வாசி முதல் பாதிப் பேருக்குத் திரும்பி வந்தது; பர்ரும் இத்தகைய துணை முறைகளும் வந்த பின் அது வெகுவாகக் குறைந்தது.

எலும்பைக் கரைக்கும் செல்களைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசியைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-இல் இதை ஜயண்ட் செல் கட்டிக்கு அனுமதித்தது. முதுகெலும்பு போன்ற இடங்களில், அறுவை செய்ய முடியாத கட்டிகளுக்கு இது பெரிய வரம். ஆனால், சுரண்டுவதற்கு முன் இதைப் போட்டால் கட்டியைச் சுற்றிப் புதிய எலும்பு தடிப்பாக உருவாகி, அதற்குள் கட்டியின் செல்கள் ஒளிந்துகொள்கின்றன. நலமான எலும்பின் எல்லை கண்ணுக்குத் தெரியாமல் போய், சுரண்டிய பின் கட்டி திரும்புவது அதிகரிக்கிறது. சாதாரணமாகச் சுரண்டி எடுக்கக்கூடிய கட்டிக்கு, அறுவையை எளிதாக்கும் என்று எண்ணி இதைப் போடாதீர்கள்.

நிரப்பு பொருள்கள்

நோயாளியின் சொந்த எலும்புக்கு இணையானது இன்னும் இல்லை. உயிருள்ள செல்கள், வளர்ச்சிக் காரணிகள், சாரம் (புது எலும்பு பற்றி வளரும் சட்டகம்) மூன்றும் அதில் மட்டுமே ஒருங்கே இருக்கின்றன. இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் எடுப்பதானால், முன்முனையிலிருந்து 2 முதல் 3 செ.மீ. பின்னால் தள்ளியே வெட்டத் தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் முனை பிய்ந்து போகும், தொடையின் வெளிப்புறத்துக்குச் செல்லும் தோல் நரம்பும் அறுபடலாம். பின்பக்கத்தில் எடுத்தால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். அங்கே பின்முனையிலிருந்து 8 செ.மீ.க்கு அப்பால் போனால் புட்டத்தின் தோல் நரம்புகள் வெட்டுப்படும். இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று, கருவிகளைப் பிரித்து வைப்பது. கட்டியைத் தொட்ட கியூரெட்டோ கையுறையோ இடுப்பெலும்புக்குப் போனால் ஜயண்ட் செல் கட்டியை அங்கே விதைத்துவிடலாம். அப்படி விதைக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஒட்டுக்கான எலும்பை முதலில் எடுத்து, அந்தக் காயத்தை மூடி, பிறகே கட்டியைத் தொடுவது பாதுகாப்பான வரிசை. அது முடியாதபோது, புதிய மேலங்கி, புதிய கையுறை, தனி மேசை, தனிக் கருவித் தட்டு ஆகியவற்றுடன் வேறொரு குழு எடுக்கட்டும். இதை அறுவைக்கு முந்தின நாளே அரங்கச் செவிலியரிடம் சொல்லி வைத்தால்தான் நடக்கும்.

பிறர் எலும்பைப் பொருத்தும் வழக்கம், ஸ்காட்லாந்தில் வில்லியம் மாக்கியூவன் 1880 வாக்கில் ஒரு சிறுவனின் மேற்கை எலும்பைச் சீராக்கியதிலிருந்து தொடங்குகிறது. இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றப்படும் தொடை எலும்பின் தலைப்பகுதி. கொடுப்பவரின் இரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் ஆகியவற்றைச் சோதித்து, அதை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். அல்லது உலர்த்தி, 25 கிலோகிரே காமா கதிரால் கிருமி நீக்கம் செய்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இந்தப் பணியைச் செய்து வருகிறது. உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டபோது திசுக்களும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டதால், பதிவு பெற்ற வங்கியிலிருந்து மட்டுமே எலும்பைப் பெற வேண்டும். அரங்கின் குளிர்பெட்டியில் எடுத்து வைத்திருந்த எலும்பைப் பயன்படுத்தும் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். வந்த எலும்பைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, வெதுவெதுப்பான சலைனில் பலமுறை அலசிக் கொழுப்பை நீக்கிய பின் குழிக்குள் அடுக்கடுக்காக இட்டு, மொட்டை முனையுள்ள கருவியால் தட்டி இறுக்க வேண்டும். தளர்வாகக் கொட்டி வைத்த துணுக்குகள் கரைந்துபோகும்.

செயற்கைப் பொருள்களில் மிகப் பழையது பாரிஸ் சாந்து எனப்படும் கால்சியம் சல்பேட். ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மான் 1892-இலேயே எலும்புக் குழிகளை இதைக்கொண்டு நிரப்பியிருக்கிறார். ஆனால் இது 6 முதல் 12 வாரங்களில் கரைந்துவிடும்; புது எலும்பு அதே வேகத்தில் வளராவிட்டால் குழி மறுபடியும் காலியாக நிற்கும். கரையும்போது காயத்திலிருந்து தெளிந்த நீர் வடிவதுண்டு. அதைச் சீழ் என்று அஞ்சித் தையலைப் பிரித்துவிடாமல், கிருமிச் சோதனைக்கு அனுப்பிவிட்டுப் பொறுத்திருப்பது நல்லது. டிரை கால்சியம் பாஸ்பேட் மாதக்கணக்கில் கரைந்து எலும்புக்கு இடம்விடுகிறது. ஹைட்ராக்சிஅபடைட் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். எக்ஸ்-ரேயில் வெள்ளையாக நிறைந்து தெரிவதால் ஆறிவிட்டது என்ற தோற்றத்தையும் தரும், திரும்பி வரும் கட்டியை மறைக்கவும் செய்யும். இவை எல்லாம் சாரம் மட்டுமே என்பதால், இடுப்பெலும்பிலிருந்து ஊசி மூலம் உறிஞ்சிய மஜ்ஜையில் ஊறவைத்தோ, சொந்த எலும்புத் துணுக்குகளோடு கலந்தோ பயன்படுத்துவது வழக்கம்.

எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பிஎம்பி புரதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். கட்டி இருக்கும் இடத்திலும் கட்டி எடுத்த இடத்திலும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உற்பத்தியாளரின் குறிப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. முதுகெலும்பு அறுவைக்காக வாங்கிய பொதி மிச்சமிருக்கிறது என்பதற்காக அதைத் திறக்காதீர்கள்.

சிமெண்ட்டும் அதன் அடியில் இடும் எலும்பும்

பெரியவர்களின் முழங்காலருகே வரும் ஜயண்ட் செல் கட்டிக்கு நான் முதலில் நினைப்பது, தூளும் திரவமும் கலந்து இறுக வைக்கும் போன் சிமெண்ட்டைத்தான். ஸ்வீடனில் 1970-களில் பரவத் தொடங்கிய இந்த முறைக்கு மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, உடனடியாக எடையைத் தாங்குகிறது. இரண்டாவது, எந்த வடிவக் குழியையும் நிறைக்கிறது. மூன்றாவதை நான் எல்லாவற்றையும்விட மதிக்கிறேன்: கட்டி திரும்பினால், வெள்ளைச் சிமெண்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவே விரியும் கரும்பட்டையாக எக்ஸ்-ரேயில் விரைவிலேயே தெரிந்துவிடும். எலும்பு ஒட்டு வைத்த குழியில் ஒட்டு கரைகிறதா, கட்டி வளர்கிறதா என்று மாதக்கணக்கில் தவிக்க நேரும் சங்கடம் இதில் இல்லை. சிமெண்ட் இறுகும்போது வெளிப்படும் வெப்பம் எஞ்சிய கட்டிச் செல்களைக் கொல்லும் என்றும் சொல்கிறார்கள். அந்த வெப்பம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் செல்லும். அதை நம்பிப் பர்ரைச் சீக்கிரம் கீழே வைத்துவிடக் கூடாது.

அதே வெப்பமும், சிமெண்ட்டின் விறைப்பும் குருத்தெலும்புக்கு ஆகாதவை. சுரண்டி முடித்த பின் குருத்தெலும்பின் அடியில் எஞ்சிய எலும்பு 1 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால், முதலில் சொந்தப் பஞ்செலும்பை ஏறக்குறைய 1 செ.மீ. தடிப்புக்கு அங்கே பரப்ப வேண்டும். அதைச் சுத்தியால் ஓங்கித் தட்டினால் மெலிந்த மூட்டுப் பரப்பு பிளந்துவிடும். விரல் நுனியாலோ மொட்டைக் கருவியாலோ மெதுவாக அழுத்தினால் போதும். அதன்மேல் ஜெல்ஃபோம் என்னும் உடலில் கரையும் பஞ்சை இரண்டு அடுக்கு விரித்தால், சிமெண்ட் துணுக்குகளுக்கு இடையே புகாமலும் வெப்பம் சற்றுத் தணிந்தும் இருக்கும். இடுப்பெலும்பிலிருந்து கிடைக்கும் 20 மி.லி. எலும்பு இந்த ஓர் அடுக்குக்குத் தாராளமாகப் போதும் என்பதால், அளவுச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. சன்னலிலிருந்து வெட்டிய புறணித் தகட்டில் கட்டி ஒட்டியிருக்கும் என்பதால் அதைத் திருப்பி வைக்காமல் நோய்க்குறியியல் சோதனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

சிமெண்ட்டைக் கலக்கும்முன் நான்கு வேலைகளை முடித்திருக்க வேண்டும். எலும்பின் தண்டுக்குள் செல்லும் மஜ்ஜைக் குழாயின் வாயை ஜெல்ஃபோமாலோ எலும்புத் துணுக்காலோ அடைக்க வேண்டும். இல்லையெனில் சிமெண்ட் தொடை நெடுகப் போய்விடும், அடுத்த அறுவையில் அதை எடுப்பது பெரும்பாடு. பின்சுவரில் ஓட்டை இருந்தால், முழங்காலின் பின்னால் ஓடும் இரத்தக் குழாய்களைச் சிமெண்ட் சுடாதபடி, அந்த இடத்தையும் ஜெல்ஃபோமால் மூடிவிட வேண்டும். குழி பெரிதாக இருந்தால் ஸ்குரூக்களையோ தடித்த கம்பிகளையோ, கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டுவதுபோல, முன்னதாகவே குழிக்குள் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தி, சி-ஆர்ம் என்னும் அரங்க எக்ஸ்-ரே கருவியில் அவற்றின் முனை மூட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை என்பதைச் சரிபார்க்க வேண்டும். நான்காவதாக, மயக்க மருத்துவரிடம் 'சிமெண்ட் போடப் போகிறோம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும்; அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் சரியக்கூடும் என்பதால் அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஒரு பொதியில் வழக்கமாக 40 கிராம் தூளும் 20 மி.லி. திரவமும் இருக்கும். திரவத்தின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், எளிதில் தீப்பற்றும். திரவம் ரப்பர் கையுறையையும் ஊடுருவும். எனவே இரட்டைக் கையுறை அணிந்து, கிண்ணத்தை முகத்திலிருந்து தள்ளி வைத்துக் கலக்க வேண்டும். கலக்கத் தொடங்கிய நொடியில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நீர்த்து ஓடும். பிறகு இழுபட்டுக் கையுறையில் ஒட்டும். ஒட்டாமல், பிசுபிசுப்பின்றி உருட்ட வரும் பதமே குழிக்குள் இடுவதற்கு உரியது. குளிரூட்டி சரிவர வேலை செய்யாத அரங்கில், சித்திரை வெயிலில், இந்தப் பதம் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வந்து போய்விடும் என்பதால், அத்தகைய நாளில் பொதியை முன்னதாகவே குளிர வைத்துக்கொள்ளலாம். மெல்லிய திரவ நிலையில் அவசரப்பட்டு ஊற்றினால் இரத்தத்தோடு கலந்து அடுக்கு அடுக்காக உரியும். தாமதித்தால் மூலைகளுக்குள் போகாது.

குழியைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, ஆழமான மூலையிலிருந்து தொடங்கி வாய்ப்பக்கமாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். நிரம்பியதும் ஈரத் துணியால் மூடி, கட்டைவிரலால் சீராக அழுத்திப் பிடித்து, விளிம்புக்கு வெளியே பிதுங்கியதை மிருதுவாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும். இறுகிய பின் உளியால் உடைக்க முயன்றால் புறணியும் சேர்ந்து உடையும். ஆய்வகத்தில் இறுகும் சிமெண்ட்டின் வெப்பம் 70 டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. உடலுக்குள் அது குறைவுதான் என்றாலும், முழுவதும் இறுகி ஆறும்வரை குளிர்ந்த சலைனைச் சொட்டிக்கொண்டே இருப்பது நல்ல பழக்கம். புறணி பெரும்பகுதி போயிருந்தால், பக்கவாட்டில் ஒரு பிளேட்டையும் பொருத்தி, சிமெண்ட்டைத் துளைத்து ஸ்குரூ போட்டு முடிக்க வேண்டும். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்க நேரும் என்பதால் டைட்டானியம் பிளேட்டைத் தேர்ந்தெடுப்பது மேல்.

சிமெண்ட் பொருந்தாத இடங்கள்

வளர்தட்டு (எலும்பு நீள்வதற்குக் காரணமான குருத்தெலும்புத் தட்டு) மூடாத குழந்தைகளுக்கு அதன் அருகே சிமெண்ட் வேண்டாம். காண்ட்ரோபிளாஸ்டோமா என்னும் குருத்தெலும்புக் கட்டி பெரும்பாலும் அந்த வயதில் வளர்தட்டையொட்டியே வருவதால், சுரண்டலையும் மெதுவாகச் செய்து, சொந்த எலும்பாலோ வங்கி எலும்பாலோ நிரப்ப வேண்டும். பர்ரை வளர்தட்டின் பக்கம் திருப்பாமல் கையால் சுரண்டுவதே உசிதம்.

எலும்பின் இடத்தில் நார்த்திசு வளரும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா இன்னொரு விதிவிலக்கு. அங்கே பஞ்செலும்பை எவ்வளவு இறுக்கி வைத்தாலும், சில ஆண்டுகளில் உடல் அதைக் கரைத்து, அதே நோய்த்தன்மையுள்ள எலும்பாக மாற்றிவிடுகிறது. மரபணு மாற்றம் அந்த எலும்பின் செல்களிலேயே இருப்பதால் இது நடக்கிறது. ஆகவே தொடை எலும்பின் கழுத்தில் இந்நோய் இருந்தால், எளிதில் கரையாத புறணி எலும்புத் தண்டை, அதாவது டிபியாவின் பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் ஒரு துண்டையோ வங்கியிலிருந்து பெற்ற தண்டையோ, கழுத்தின் நெடுக்காகச் செருக வேண்டும். ஃபிபுலாவை எடுக்கும்போது கணுக்கால் நிலைகுலையாதபடி கீழே குறைந்தது 6 முதல் 8 செ.மீ. விட்டுவிட வேண்டும், மேலே அதன் கழுத்தைச் சுற்றி ஓடும் நரம்பைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும். நோய்ப்பட்ட எலும்பு முழுவதையும் சுரண்டி எடுக்க இங்கே முயல வேண்டியதில்லை. தாங்கும் வலுவைக் கொடுப்பதுதான் நோக்கம்.

அறுவைக்குப் பின்

சிமெண்ட் வைத்தவர் வலி தணிந்ததும் ஊன்றுகோலோடு சில நாள்களில் காலை ஊன்றலாம். அதன் அடியில் எலும்பு அடுக்கு இட்டிருந்தால் முழு எடையைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவது நல்லது. எலும்பு ஒட்டு மட்டும் வைத்தவர் 6 முதல் 12 வாரங்கள் எடை போடாமல் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை இருவருமே முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

ஜயண்ட் செல் கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். எனவே அந்தக் காலத்தில் 3 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஐந்தாம் ஆண்டுவரை 6 மாதங்களுக்கு ஒருமுறையும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். புற்றல்லாத கட்டிதான் என்றாலும் சிறு விழுக்காட்டினருக்கு நுரையீரலுக்குப் பரவும் என்பதால், நெஞ்சு எக்ஸ்-ரேயும் சேர்ந்தே எடுக்கப்பட வேண்டும். சிமெண்ட்டைச் சுற்றி 2 மி.மீ.க்குள் ஒரு கருங்கோடும், அதன் வெளியே மெல்லிய வெள்ளை விளிம்பும் தெரிந்து, அடுத்தடுத்த படங்களில் மாறாமல் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது உடல் சிமெண்ட்டை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அந்தக் கோடு ஓரிடத்தில் மட்டும் தடித்து, வெள்ளை விளிம்பைத் தின்றுகொண்டு போனால் உடனே எம்ஆர்ஐ எடுத்து, ஊசியால் திசுச் சோதனை செய்ய வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு அறுவை முடிந்த வாரத்தில் எடுத்த முதல் படம் இன்றியமையாதது. அதைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கும்படி நோயாளியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

திரும்பி வந்தாலும் மூட்டை உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்பதில்லை. மூட்டுப் பரப்பு உருக்குலையாமல் இருந்தால், பழைய வடுவையும் உள்ளடக்கி அதே வழியாகத் திறந்து, சிமெண்ட்டை உளியால் துண்டு துண்டாக உடைத்து எடுத்து, குழியின் சுவர் முழுவதையும் மறுபடி பர்ரால் தேய்த்து, மீண்டும் சிமெண்ட்டால் நிரப்பலாம். இந்த இரண்டாம் முறையில் பலருக்கும் கட்டி கட்டுக்குள் வந்துவிடுகிறது. புறணி முழுதும் உடைந்து கட்டி மென்திசுக்களுக்குள் பெருமளவு வளர்ந்தவர்களுக்கும், மூட்டு நொறுங்கிப் போனவர்களுக்கும் மட்டுமே அந்த எலும்பு முனையை முழுவதுமாக அகற்றிச் செயற்கை மூட்டு வைப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதையும் எலும்புக் கட்டி அறுவைக்கெனத் தனிக் குழு உள்ள மையத்துக்கு அனுப்பிச் செய்வதே முறை.